உன் முகத்துக்குச் சேராத கண்ணாடி

அன்பு மகனே,

நீ அனுப்பிய இமெயிலை உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வாங்கினேன். மூன்று பக்கம். அங்கே வேலை பார்க்கிற பெண் பேப்பரை நீட்டும்போது அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், வீட்டுல யாருக்கும் முடியலையா? மாஸ்க், சிலிண்டரு, ரெகுலேட்டருன்னு போட்டிருக்கு" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி லிஸ்ட் என்று நினைத்துவிட்டாள், பாவம். எல்லாரும் நல்லா இருக்காக தாயி, என் மகன் அந்தமானில் கடலுக்கு அடியில் போய்ப் பவளப்பாறையைக் கணக்கெடுக்கிற வேலை பார்க்கிறான், அதற்கு வேண்டிய சாமான் இது என்றேன். "கடலுக்கு அடியிலயா? நீங்க எப்பிடி விட்டீக?" என்றாள். நான் எங்கே விட்டேன், அவன் போய் இறங்கிவிட்டு அல்லவா எனக்குச் சொன்னான் என்று வாய் வரைக்கும் வந்தது. சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

இதற்குப் போனில் நாலு வார்த்தை போதாதா என்று நீ நினைப்பாய். நம் பம்ப்செட் கடையில் போனை எடுத்தால் ஒரு பக்கம் மோட்டார் ஓடுகிறது, இன்னொரு பக்கம் ரப்பர் வாசர் வாங்க வந்தவர் "பாய், பஸ்சுக்கு நேரமாச்சு" என்கிறார். வீட்டில் பேசினால் உன் அம்மா பாதியிலேயே போனைப் பிடுங்கி, சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துவிடுவாள். அதெல்லாம் கூடப் பரவாயில்லை. இதில் ஒரு விஷயத்தை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் இந்த வயதில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். தண்ணீரில் இறங்காத ஒரு நாளாகப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். உங்கள் குழுவின் தலைவர் வேலையை முடித்துக்கொண்டு இந்த மாசக் கடைசியில் ஊர் திரும்புகிறார். தான் வைத்திருக்கிற முழு செட்டையும், கண்ணாடி மாஸ்க்கிலிருந்து காலில் மாட்டுகிற துடுப்பு வரைக்கும், காற்றை வாய்க்குக் கொண்டுவருகிற ரெகுலேட்டர், ஊதிப் பெரிதாகிற சட்டை, ஆழத்தையும் நேரத்தையும் காட்டுகிற கைக்கடிகாரக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் உனக்கே தருகிறேன் என்கிறார். இதுவரை வாடகைச் சாமானில் முங்கிக்கொண்டிருந்த உனக்குச் சொந்தமாக ஒரு செட் கிடைக்கப் போகிறது. எடுக்கலாமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டதற்கு சந்தோஷம். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே: "அவர் ரொம்ப நல்ல மனுஷர் அத்தா, ஆசையாகக் கொடுக்கிறார், எப்படி வேண்டாம் என்று சொல்வது?" மூன்று பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

உனக்கு அந்த ஷூ ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூற்றாறில் நீ ஆறாம் வகுப்பு சேர்ந்தாய். தேனிக்குப் போய் உனக்கு ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கிவந்தேன். வளர்கிற பிள்ளைக்கு எதை வாங்கினாலும் இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது நம் வீட்டு வழக்கம். உன் சட்டையெல்லாம் முதல் வருஷம் முழங்காலில் கிடக்கும், மூன்றாம் வருஷம்தான் தோளுக்கு வரும், அதற்குள் கிழிந்துவிடும். ஆக உனக்கு அளவான சட்டை என்று ஒன்றை நீ போட்டதே இல்லை. ஷூவையும் அப்படித்தான் வாங்கினேன். போட்டுக் காட்டினாய். "எப்படிடா இருக்கு?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு அத்தா" என்று வீட்டுக்குள் இரண்டு நடை நடந்தாய். விளையாட்டு விழாவில் நூறு மீட்டரில் நீதான் முதலில் வருவாய் என்று உங்கள் டிரில் மாஸ்டர் கடைக்கே வந்து சொல்லியிருந்தார். நானும் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றேன். நீ கடைசியாக வந்தாய். கேட்டதற்குக் கால் இடறிவிட்டது என்றாய். வீட்டுக்கு வந்து உன் அம்மா சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருக்கிறது, ஷூ நுனியில் கந்தல் துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறாய். ஏண்டா சொல்லவில்லை என்று அவள் கத்தினாள். நீ என்னைப் பார்த்துக்கொண்டு, "அத்தா ஆசையா வாங்கிக் குடுத்தாகள்ல" என்றாய்.

அன்றைக்கு அதைக் கேட்டு நான் பூரித்துப் போனேன் என்றால் நம்புவாயா? எப்பேர்ப்பட்ட பிள்ளை, அப்பன் மனசு நோகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது உன் இமெயிலில் அதே வார்த்தை வந்து நிற்கிறது. ஆசையாகக் கொடுக்கிறார். ஷூ பெரிதாக இருந்தால் குதிகால் உரியும், அவ்வளவுதான். நீ இப்போது மாட்டிக்கொண்டு போகிற இடத்தில் கந்தல் துணியை அடைத்துச் சமாளிக்க முடியாது.

எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பாய். இரண்டே தடவை பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு கணுக்கால் வரைக்கும்தான் நின்றேன். ஆனால் ரப்பரைப் பற்றித் தெரியும். காற்றும் தண்ணீரும் எந்தச் சந்து கிடைத்தாலும் புகுந்து வெளியேறும் என்று தெரியும். பம்ப்செட்டும் மருந்தடிக்கிற ஸ்ப்ரேயரும் விற்று, பழுது பார்த்து, முப்பது வருஷம் இந்த வாசரோடும் ஓஸ் குழாயோடும் கேஜோடும்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். பெருநாளைக்கு நீ வந்தபோது உன் வாடகை மாஸ்க்கைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாயே, அன்றைக்கே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. நீ குளிக்கப் போன நேரத்தில் நான் அதை முகத்தில் மாட்டிக்கொண்டு அண்டாத் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தது உனக்குத் தெரியாது. உன் அம்மா பார்த்துவிட்டாள். "எந்த ஊருக்குக் கெளம்பிட்டீக இந்தக் கோலத்துல?" என்று சிரித்ததில் அவள் கையிலிருந்த பிரியாணிக் கரண்டி கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீசை இருக்கிற இடத்தில் ரப்பர் பதியவே இல்லை, மூக்குக்குள் தண்ணீர் ஏறி அரை மணி நேரம் தும்மினேன். நீ தாடி மீசையோடு திரிகிறாய். அழகாகத்தான் இருக்கிறது, உன் அம்மா அதைக் காட்டித்தான் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் மூக்குக்குக் கீழே ரப்பர் உட்காருகிற இடத்தையாவது சிரைத்துக்கொள்.

ஆகையால் முதலில் வாங்க வேண்டியது மாஸ்க்தான், அதுவும் உனக்கென்று புதிதாக. வாரை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுத்துக் குனிந்து பார்க்க வேண்டும், கையை எடுத்தாலும் அது விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். அதற்கு மேல் எந்தக் கடைக்காரன் பேச்சையும் கேட்காதே. வாரை இறுக்கினால் சரியாகிவிடும் என்பான். நானும் கடைக்காரன்தான், இப்படி எத்தனை பேரிடம் சொல்லி விற்றிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அடுத்தது காலுக்கு. துடுப்பையும் உள்ளே போடுகிற ரப்பர் ஷூவையும் சேர்த்துப் போட்டுப் பார்த்து வாங்கு. இரண்டு சைஸ் பெரிதாக வேண்டாம், உனக்கு இருபத்து நாலு வயது, இனி வளரப் போவதில்லை. அதற்கடுத்து அந்தக் கைக்கடிகாரக் கம்ப்யூட்டர். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தாய் என்கிற கணக்கை இன்னொருத்தன் கையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டையும் ரெகுலேட்டரும் கொஞ்ச நாள் வாடகையிலேயே இருக்கட்டும். இதில் என்ன அவசரம்? ஒரு சீசன் முழுக்க இறங்கு. வாரத்துக்கு ஒரு மாதிரி வாடகைக்கு எடுத்துப் பார். எது உன் தோளில் ஏறி உட்காருகிறது, எது நழுவுகிறது, எதில் மூச்சு இழுக்க லேசாக இருக்கிறது என்று உன் உடம்பே சொல்லும்வரை பொறு. உங்கள் தலைவரின் போட்டோவை நீ காட்டியிருக்கிறாய். அவர் ஆறடிக்கு மேல், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். அவர் சட்டைக்குள் உன்னை மாதிரி ஒன்றரை ஆள் போகலாம். தண்ணீருக்குள் அது மேலே ஏறிக் காதுக்கு வரும். அவர் ரெகுலேட்டரைப் பிரித்து சர்வீஸ் செய்து மூன்று வருஷம் ஆகிறது என்று நீயே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். எழுதும்போது கை கூசவில்லையா? நாலு மாசம் சும்மா கிடந்த ஸ்ப்ரேயரையே நான் வாசர் மாற்றாமல் வெளியே விட மாட்டேன். உள்ளே ரப்பர் காய்ந்து போவது வெளியே பார்த்தால் தெரியாது மகனே, நல்லபடியாகத் துடைத்து வைத்தால் பளபளவென்றுதான் இருக்கும்.

பிறகு எப்போது வாங்குவதானாலும் ஒன்று கேள். நீ இருக்கிற தீவில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆளும் அதற்கு வேண்டிய உதிரியும் உண்டா என்று பார்த்து வாங்கு. கம்பம் பக்கம் ஒருத்தர் வெளிநாட்டு மோட்டார் ஒன்றை ஆசைப்பட்டு இறக்கினார். ஓடியவரைக்கும் ஊரே வேடிக்கை பார்த்தது. ஒரு சின்ன வளையம் போனதும் இந்தியாவிலேயே கிடைக்காமல் இப்போது அது அவர் வீட்டுத் தொழுவத்தில் மாடு கட்டுகிற கல்லுக்குப் பதில் கிடக்கிறது. சிலிண்டர் சொந்தமாக வேண்டவே வேண்டாம், அதைச் சோதித்து நிரப்புகிறவர்களே வைத்திருக்கட்டும். எதை வாங்கினாலும் உப்புத் தண்ணீரிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடு. தலைக்குத் தடவுகிற தேங்காயெண்ணெய்க் கையோடு ரப்பரைத் தொடாதே, ஊறி உப்பிவிடும். சரி, இதெல்லாம் உனக்கே தெரியும். நான் சொல்ல வந்தது இது இல்லை. அதைத் தள்ளிப் போடுவதற்காகத்தான் ரப்பரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் சிக்கந்தர் மாமு ஏன் முங்குவதை விட்டார் என்று உனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஆனைமலையான்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றில் கெட்ட காற்று தாக்கி மயங்கிவிட்டார், அதோடு விட்டுவிட்டார் என்றுதான் உனக்கும் உன் அம்மாவுக்கும் ஊருக்கும் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவோடு பிறந்தவர், அவளுக்கு ஒரே தம்பி. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்றுக்குள் குழாய் அடியில் இருக்கிற புட்வால்வு கழன்றாலும் மோட்டார் விழுந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். நாலு ஆள் ஆழம் ஒரே மூச்சில் போய்விட்டு, வெற்றிலை வாங்கப் போய்வந்த மாதிரி மேலே வருவார். உனக்கு நீச்சல் பழக்கியதும் அவர்தான். நீ கடலுக்கு அடியில் போகிறாய் என்றதும் நாங்கள் எல்லாரும் பயந்தோம், அவர் ஒருத்தர் மட்டும் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு ஒரு திராட்சைத் தோட்டத்துக் கிணறு. கயிறு அறுந்து சப்மர்சிபிள் மோட்டார் அடியில் போய்ப் பாறைச் சந்தில் மாட்டிக்கொண்டது. காய் பிடித்து நிற்கிற நேரம், இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் கொடி வாடிவிடும். தோட்டக்காரர், அவர் பங்காளிகள், ஆட்கள் என்று பத்துப் பதினைந்து பேர் கிணற்று மேட்டில் நின்றார்கள். ஒரு மூச்சில் எடுக்கிற வேலை இல்லை, உள்ளேயே இருந்து சங்கிலி மாட்ட வேண்டும். அந்த மாதிரி வேலைக்கு நம் பக்கம் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும்: பஞ்சர் கடைக் கம்ப்ரசரை வண்டியில் ஏற்றிப் போய் வைத்து, அதிலிருந்து ஓஸ் விட்டு, நுனியை வாயில் கடித்துக்கொண்டு முங்குவது. இப்போது நீ படித்ததைச் சொல்லக் கேட்ட பிறகு அதுவே எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்று தெரிகிறது. அன்றைக்கு அது எங்களுக்குச் சாதாரணம். ஓஸ் நான் கொண்டுபோனது. அங்கே போய்ப் பார்த்தால் நீளம் பத்தவில்லை.

கடைக்கு ஆள் அனுப்பிப் புது ஓஸ் எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் இத்தனை பேர் முன்னால், அளவு கூடப் பார்க்காமல் வந்துவிட்டாரே பாய் என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்று எனக்கு ரோஷம். பழுது பார்க்க வந்த ஒரு ஸ்ப்ரேயர் என் வண்டியில் கிடந்தது. திராட்சைக்குப் பூச்சி மருந்தடித்த ஓஸ் அதில் இருந்தது. அதைக் கழற்றி, தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசி, வெயிலில் உதறி, பழைய ஓஸோடு சேர்த்து இறுக்கிக் கிளிப் போட்டேன். என் கையாலேயே போட்டேன். அந்த நுனிதான் வாய்க்குப் போகிற நுனி.

மாமு படியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஓஸை வாயில் வைத்தார். ஒரு மூச்சு இழுத்தார். எடுத்தார். தலையைத் தூக்கி மேலே என்னைப் பார்த்தார். தயாரா என்று கேட்கிறார் என்று நினைத்து நான் தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு முங்கிவிட்டார். கொஞ்ச நேரம் குமிழி ஒழுங்காக வந்தது. பிறகு அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிறு தாறுமாறாக ஆடியது. இழுத்துப் போட்டபோது வாயெல்லாம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது, தொப்பலாக வியர்த்திருந்தது, வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தார். ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கேட்டார், என்ன நடந்தது என்று. கெட்ட காற்று சார், கிணற்றுக்குள் கெட்ட காற்று என்றேன். என்னோடு தோட்டக்காரர் நின்றிருந்தார், மகனே. அவர் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் மாமுவின் கண்ணை விரித்துப் பார்த்தார், வாயருகே முகர்ந்து பார்த்தார், வெளியே போனார், திரும்ப வந்து மறுபடியும் அதையே கேட்டார். அப்புறம்தான் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் போய் மருந்து ஓஸ் என்று சொன்னேன். உடனே ஊசி போட்டார்கள். நடுவில் ஒரு பத்து நிமிஷம் போயிருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தை நான் இன்றைக்கு வரைக்கும் தொழுகையில் கையேந்தும்போதெல்லாம் சொல்லி அழுகிறேன், உன் அம்மாவுக்கு ஏன் என்று தெரியாது.

மாமு பிழைத்தார். ஆனால் அந்த நெஞ்சு பழையபடி வரவில்லை, மாடி ஏறினாலே மூச்சு இரைப்பதைப் பார்த்திருக்கிறாய். நான் அவரை நம் கடையிலேயே மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்ட உட்காரவைத்தேன். தன் தம்பியை நான் எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அம்மா நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னாள். பதினோரு வருஷமாக ஒரே மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து டீ குடிக்கிறோம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை உன் பிரிண்டை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ரெகுலேட்டர் பக்கம் வந்தபோது, இறங்குவதற்கு முன்னால் காற்றை இழுத்துப் பார்க்க வேண்டும், வாடையோ ருசியோ வந்தால் இறங்கக் கூடாது என்று நீ எழுதியிருந்ததையும் வாசித்தேன். கம்பி சுற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. எனக்கு அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. கடையில் ஆள் இல்லை. "சிக்கந்தர், அன்னைக்கு அது கெட்ட காத்து இல்ல. நான் மருந்து ஓஸைச் சேத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார், எழுந்து போவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தேன். அவர் கம்பியைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

"தெரியும் மச்சான்" என்றார். "வாயில வச்ச ஒடனே வாடை தெரிஞ்சுச்சு. அதான் எடுத்துட்டு ஒங்களப் பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏய்யா முங்குன?"

"அங்கன அத்தன பேரு நின்னாக. ஓஸ் சரியில்லைன்னு நான் சொன்னா ஒங்களுக்குத் தலைக்குனிவுல்ல. கொஞ்ச நேர வேலைதானன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் அழுதேன், மகனே. கடையில் உட்கார்ந்து, டீ கொண்டுவந்தவர் பார்க்கப் பார்க்க அழுதேன். என் தப்பை நினைத்து அழுததைவிட, இந்த மனுஷன் மரியாதைக்காக அந்த நுனியைத் திரும்ப வாயில் வைத்தாரே என்று அழுதேன். பிறகு அவரே சொன்னார்: "அவனும் என்னைய மாதிரித்தான் மச்சான். வேணாம்னு சொல்ல வராது அவனுக்கு. அத எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க." உன் அம்மாவிடம் அன்று மாலையே நானே சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. சோறு மட்டும் போடுகிறாள். அது நியாயம்தான், நீ போன் செய்து அவளைச் சமாதானம் பண்ண வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது புரிகிறதா, நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று? சுறாவுக்கு இல்லை, ஆழத்துக்கு இல்லை. தண்ணீருக்குள் ஏதோ சரியில்லை என்று உனக்குத் தெரியும், மேலே படகில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கொடுத்தவர் நல்லவராக இருப்பார், நீ தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வாயில் வைத்துக்கொள்வாய். அதற்குத்தான் பயப்படுகிறேன். அந்தப் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? ரத்தக் காலோடு நின்ற பிள்ளையைக் கண்டிக்காமல் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்த நான்தான். உங்கள் தலைவரிடம் போய், சார், ரொம்ப நன்றி, இது எனக்குச் சேரவில்லை என்று சொல். அவர் நீ சொல்கிற மாதிரி நல்ல மனுஷராக இருந்தால் ஒன்றும் நினைக்க மாட்டார். வாய் வரவில்லையென்றால், எங்க அத்தா ஒத்துக்கொள்ளவில்லை, அவர் ஒரு முரட்டு ஆள் என்று பழியை என் மேல் போடு. நான் எங்கே அந்தமானுக்கு வந்து மறுக்கப் போகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று மாசத்துக்கு முன்னால் துபாயிலிருந்து லீவில் வந்தபோது, உனக்குத் தெரியாமல் ஒரு மாஸ்க் வாங்கிவரச் சொல்லியிருந்தேன். வேலை உறுதியானதும் கொடுத்து அசத்த வேண்டும் என்று அலமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். முகத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது நீ பெருநாளைக்கு வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். என்ன அளவு என்று அந்தப் பிள்ளை கேட்டபோது நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? பெரிசாகவே வாங்கு என்றேன். மாமு அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவனுக்கு எங்க அக்கா மூஞ்சி, ஒடுக்கம். இது நிக்காது மச்சான்" என்று சிரித்தார்.

இருந்தாலும் அனுப்புகிறேன். நல்ல கம்பெனி, நல்ல நிறம், நான் ரொம்ப ஆசையாக வாங்கியது. வாரை மாட்டாமல் முகத்தில் வை, மூச்சை இழு, குனிந்து கையை எடு. அது கீழே விழுந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அத்தா, நீங்க வாங்குனது சேரல" என்று எனக்கு ஒரு வரி எழுது. இருபத்து நாலு வருஷத்தில் நான் வாங்கிக் கொடுத்த எதையும் நீ வேண்டாம் என்று சொன்னதில்லை. இதைச் சொல்லிவிட்டு, அப்புறம் கடலில் இறங்கு.

உன் அத்தா